எஞ்சினும் அறமும்

பதுளையிலிருந்து ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை வழியாக ஹப்புத்தளைக்கு ஏறும் பாதையில் பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு ஓர் அனுபவம் நன்கு தெரிந்திருக்கும். கொழும்பிலே சீராக ஓடிய வண்டி, இந்த ஏற்றத்தில் பாதித் தூரம் வருவதற்குள் மூச்சிரைக்கத் தொடங்கிவிடும். எக்சிலேட்டரை எவ்வளவு திருகினாலும் வேகம் எழாது. புகைக்குழாயிலிருந்து கரும்புகை கிளம்பும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனையிலே கரி படிந்திருக்கும். எஞ்சின் பழுதாகிவிட்டது என்று வண்டிக்காரர் கவலைப்படுவார். எஞ்சினிலே பழுது ஒன்றும் இல்லை. கடலோரக் காற்றுக்கென அளவுபார்த்துச் சரிசெய்யப்பட்ட எஞ்சின் அது. மலைக்காற்றை அது அறியாது.

காரணம் எளியதே. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளை 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் சுமார் 85 சதவீதமே. ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிவதற்கு எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மெலிந்துபோன இடத்தில் கார்புரேட்டர் அந்த மெலிவுக்கு ஏற்பப் பெற்றோலைக் குறைத்துக்கொள்வதில்லை. எனவே கலவையிலே பெற்றோல் மிஞ்சுகிறது, மிஞ்சியது கரியாகிறது, எஞ்சினின் வலுவில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகமாக ஏற்றத்திலேயே கரைந்துபோகிறது. இன்றைய புதிய வண்டிகளிலுள்ள மின்னணுக் கருவி இந்த மாற்றத்தைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும். பழைய வண்டிக்கோ ஒரு மனிதனுடைய அறிவு வேண்டும். பாதையோரத்துக் கராஜில் எண்ணெய் படிந்த கால்சட்டையுடன் நிற்கும் இளைஞன் கார்புரேட்டரின் ஜெட்டைச் சற்றுச் சிறியதாக மாற்றுகிறான். ஊசியை ஒரு படி இறக்குகிறான். கலவை சீராகிவிடுகிறது. ஆனால் மெலிந்த காற்றினால் இழந்த வலு முழுவதும் திரும்பிவிடுவதில்லை. அதையும் மீட்க விரும்புகிறவன் எஞ்சினுக்குள்ளேயே கைவைக்க வேண்டும்.

அப்படிக் கைவைக்கத் துணிகிற இளைஞர்களைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம். பழைய இரும்புக் கடையில் கிடைத்த சிலிண்டரைக் கடைந்து, வேறொரு வண்டியின் பிஸ்டனைப் பொருத்தி, காற்று புகும் வழியை அரத்தால் தேய்த்து அகலமாக்கி, தகட்டைச் சுருட்டி ஒட்டிப் புகைக்குழாய் செய்து, தன் கையாலேயே ஓர் எஞ்சினை உருவாக்கி அதன் வலுவை உயர்த்தப் பார்க்கும் முயற்சி உலகின் பல மூலைகளில் நடப்பது. இதைக் கேட்டதும் நம் ஆசிரிய நண்பர்களிற் சிலர் முகம் சுளிக்கக்கூடும். “தோட்டத்து லயங்களிலே கூரை ஒழுகுகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறார்கள், இந்த நிலையில் மோட்டார் சைக்கிள் மோகத்துக்கு ஒரு தத்துவமா?” என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் அந்தக் கேள்வியோடு நாம் நின்றுவிட முடியாது. ஏனெனில், எஞ்சினைத் திறக்கும் இளைஞன் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய அறக்கேள்வியையும் சேர்த்தே திறக்கிறான். நன்றாக இயங்குவது என்றால் என்ன? அதற்குரிய விலை என்ன? அந்த விலையைக் கொடுப்பவர் யார்?

எஞ்சினின் இயல்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வலுவைக் கூட்டுவதற்குப் பழமையான வழிகளில் ஒன்று, பெற்றோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலும் இறுக்கமாக அமுக்கும்படி செய்வது. கணக்கின்படி, கலவையை எட்டில் ஒரு பங்காக அமுக்கினால், எரிபொருள் தரும் வெப்பத்தில் அதிகம் போனால் 56 சதவீதம் வேலையாக மாறலாம். பத்தில் ஒரு பங்காக அமுக்கினால் 60 சதவீதம். ஏட்டுக்கணக்கு இப்படி. நடைமுறையிலோ சாதாரண மோட்டார் சைக்கிள் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் நாலில் ஒரு பங்கை அல்லது அதற்குச் சற்று மேற்பட்டதையே சக்கரத்துக்கு அளிக்கிறது. மீதியெல்லாம் புகையோடும் சூடோடும் காற்றிலே கலந்துவிடுகிறது. இந்த நாலில் ஒரு பங்கைச் சிறிதே உயர்த்துவதற்கு மனிதகுலம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடுபட்டு வந்திருக்கிறது.

ஆனால் அமுக்கத்தை விருப்பம்போல் உயர்த்திவிட முடியாது. ஓர் எல்லையைத் தாண்டினால் கலவை பொறியின் தீச்சுடருக்குக் காத்திராமல் தானே வெடிக்கிறது. சிலிண்டருக்குள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் ஓசை கேட்கிறது. அந்த ஓசையைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்டனின் தலையிலே ஓட்டை விழும். சரி, அமுக்கத்தை விட்டுச் சுழற்சியைக் கூட்டலாமே என்றால், சுழற்சி இரு மடங்காகும்போது பிஸ்டனையும் அதன் தண்டையும் பிய்த்திழுக்கும் விசை நாலு மடங்காகிறது. பெற்றோலைக் குறைத்துச் சிக்கனம் செய்யலாமே என்றால், கலவை அளவுமீறி மெலிந்து எஞ்சின் சூடேறுகிறது. ஓரிடத்தில் ஆதாயம் கண்டால் இன்னோரிடத்தில் அதற்கான பற்றுச்சீட்டு வந்துவிடுகிறது. எஞ்சினில் இலவசம் என்று ஒன்றும் இல்லை. இதுவே அது கற்பிக்கும் முதற் பாடம்.

இரண்டாவது பாடம் இதனினும் நுட்பமானது. “நல்ல எஞ்சின்” என்று பொதுவாக ஒன்று கிடையாது. பந்தயத்துக்கென அமைத்த எஞ்சின், சுழற்சியின் உச்சத்திலே மட்டும் உக்கிரமாக இழுக்கும். அதற்குக் கீழே உயிரற்றுக் கிடக்கும். வெலிமடையிலிருந்து மரக்கறி மூட்டையோடு ஏறுகிறவனுக்கும், மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து காய்ச்சலில் துவண்ட குழந்தையைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவனுக்கும் அந்த எஞ்சினால் பயனில்லை. குறைந்த சுழற்சியிலும் விடாது இழுக்கும் எஞ்சினே அவர்களுக்கு வேண்டும். பந்தயத் திடலில் அதே எஞ்சின் கடைசியாக வந்து சேரும். ஆக, எஞ்சினைத் தொடுவதற்கு முன்பு, “எதற்காக? யாருக்காக?” என்ற கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். விடை சொல்லாமல் திறனைப் பற்றிப் பேசுகிறவன், ஒன்று அறியாதவன். அல்லது எதையோ மறைக்கிறவன்.

வீட்டிலே எஞ்சின் அமைப்பவனுடைய பெருமை இங்கேதான் இருக்கிறது. நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில் நகரத்தில் பர்ட் மன்றோ என்றொருவர் வாழ்ந்தார். அவரிடம் 1920ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ‘இந்தியன் ஸ்கவுட்’ மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மணிக்கு 55 மைல் வேகந்தான் ஓடும். மன்றோவிடம் பணமும் இல்லை, பட்டறையும் இல்லை. கொட்டகையொன்றில் பழைய தகரங்களையே அச்சாக வைத்துப் பிஸ்டன் வார்த்தார். தண்டுகளைக் கையாலே அராவினார். வெடித்துச் சிதறிய பாகங்களைத் தூக்கி எறியாமல் ஓர் அலுமாரித் தட்டிலே வரிசையாக அடுக்கி, அவற்றை வேகக் கடவுளுக்கு இட்ட காணிக்கை என்று வேடிக்கையாக எழுதி வைத்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு இப்படிக் கழிந்தது. 1967இல், தமது அறுபத்தெட்டாவது வயதிலே, அமெரிக்காவின் பொன்வில் உப்புவெளியில் அதே எஞ்சினைக் கொண்டு மணிக்கு 183 மைலுக்கு மேற்பட்ட வேகத்தை அவர் எட்டினார்.

இந்தக் கதையிலே நம்மைக் கவர்வது 183 என்ற எண் மட்டுமன்று. வரைந்தவரும், வார்த்தவரும், ஏறி ஓட்டியவரும் ஒருவரே. பிழை நேர்ந்தபோதெல்லாம் அதன் தழும்பு அவருடைய உடம்பிலேயே விழுந்தது. முடிவெடுத்தவரும் விலை கொடுத்தவரும் ஒரே மனிதராக இருந்தமையால், அவருடைய அறிவிலே பொய் புக வழியில்லாமற் போயிற்று.

நமது தமிழகத்திலும் இத்தகைய ஆர்வத்துக்கு ஒரு புகழ்பெற்ற தொடக்கம் உண்டு. கோயம்புத்தூர் அருகே கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையிலே ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஏறிவந்த ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவுவிடுதியிலே வேலைசெய்து பணம் சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் ஊர்சுற்றக் கிளம்பவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்து மறுபடி பூட்டினார். ஆளும் இனத்தாரின் வாகனமாக வந்திறங்கிய இயந்திரத்தை ஒரு கிராமத்து இளைஞன் கழற்றிப் பார்த்தது சிறிய செயல் அன்று. “இதை ஓட்டுபவன் எசமான், இதற்கு வழிவிடுபவன் நான்” என்ற நியதியை அந்தச் செயல் உள்ளிருந்தே குலைத்துவிட்டது. கையால் உழைப்பவனுக்குத் தலையால் சிந்திக்கும் உரிமை இல்லை என்பதே அடிமைத்தனத்தின் அடிப்படை விதி. அந்த விதியை மீறுகிற எவரையும் வெறும் பொழுதுபோக்குக்காரர் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

அறிவு மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் எஞ்சின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் சோப்பாவ் நகரத்தில் எம். இசட். என்ற மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருந்தது. வால்டர் காடன் அதன் பந்தயப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். ‘டூ ஸ்ட்ரோக்’ எஞ்சினிலே புகை வெளியேறும்போது கொஞ்சம் புதிய கலவையும் வீணாக அதனோடு வெளியேறிவிடுகிறது. புகைக்குழாயை ஓரிடத்தில் விரித்து இன்னோரிடத்தில் குறுக்கினால், வெளியேறும் புகையின் அழுத்த அலை திரும்பி வந்து, தப்பியோடும் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். காடன் இந்த அலையின் போக்கைக் கருவிகொண்டு அளந்து, குழாயின் வடிவத்தைத் திருத்தித் திருத்தி அமைத்தார். 1961இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைவலுவை எட்டிற்று. வெளியிலிருந்து காற்றை அழுத்திப் புகுத்தும் துணைக்கருவி எதுவும் இல்லாமல், லீட்டருக்கு 200 குதிரைவலு என்ற விகிதத்தை அடைந்த முதல் எஞ்சின் அது. வளங்குன்றிய ஒரு தொழிற்சாலையில் சிந்தனையே மூலதனமாக நின்று செய்த சாதனை என்று அதைப் போற்றலாம்.

ஆனால் அந்தச் சாதனையைச் சுற்றி இரண்டு நிழல்கள் படிந்திருக்கின்றன. காடன் போர்க்காலத்தில் நாஜிகளின் பீனமுண்டே ஆயுத ஆராய்ச்சி நிலையத்திலே பணிபுரிந்தவர். எரிவாயுவின் அழுத்தத்தை அளக்கும் அதே வகை அறிவு அங்கே நகரங்களை அழிக்கும் கருவிகளுக்குத் துணைநின்றது. மற்றது, 1961 செப்டம்பரில் நடந்தது. சுவீடனில் நடந்த பந்தயத்தின் பின், அவருடைய முதன்மை ஓட்டுநரான எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பியோடி, எம். இசட்டின் நுட்பத்தை ஜப்பானிய சுசுகி நிறுவனத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்த ஆண்டே சுசுகி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது, ஓட்டியவர் டெக்னர்தான். ஒரு பட்டறை முழுவதும் கூடிக் கண்டறிந்த உண்மை, ஒரு தனிமனிதனின் பேரப்பொருளாக மாறிற்று. அறிவு என்பது எஞ்சினைப் போன்றது. அது எந்த வண்டியில் பூட்டப்படுகிறது என்பதை அறியாமல் அதை வணங்குவதும் தவறு, வெறுப்பதும் தவறு.

இனி நம்முடைய மலைகளுக்குத் திரும்புவோம். தேயிலை நாட்டின் முதல் இயந்திரமும் ஏறக்குறைய வீட்டிலே செய்யப்பட்டதுதான். ஊவாவுக்கு அப்பால், கண்டி மலைகளிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கர் தேயிலை பயிரிட்டார். முதலில் தம் பங்களாவின் தாழ்வாரத்து மேசைகளிலே கைகளால் கொழுந்தை உருட்டவைத்தார். பின்னர் உருட்டும் இயந்திரமொன்றைத் தாமே அமைத்தார். அவர் துரைமார் வர்க்கத்தைச் சேர்ந்தவரே; தொழிலாளரின் தோழர் என்று நாம் அவரைப் பாடத் தேவையில்லை. ஆயினும் 1892இல் உரிமையாளர்கள் அவரையே வேலையிலிருந்து நீக்கினார்கள். அதே ஆண்டில் அவர் காலமானார். இலாபத்துக்காக இயக்கப்படும் ஓர் அமைப்பிலே இயந்திரத்தைச் செய்தவனும் தேய்ந்தவுடன் கழற்றி எறியப்படும் ஒரு பாகமே.

பின்னர் பெரிய இயந்திரங்கள் வந்தன. பெல்பாஸ்ட் நகரத்து டேவிட்சனின் ‘சிராக்கோ’ உலர்த்திகளும், ஜாக்சனின் உருட்டிகளும் மலையேறின. 1890இல் லிப்டன் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதென்னவில் தொழிற்சாலை எழுப்பினார். 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. கொழுந்தைச் சுமந்துவந்து நிறுக்கும் பெண்கள் வெளியே நின்றார்கள். உள்ளே எஞ்சின் நின்றது. அந்த எஞ்சினுக்கு எவ்வளவு மரியாதை! எத்தனை சுழற்சிக்கு மேல் ஓட்டக்கூடாது என்று அதன்மேல் தகடு பதித்திருந்தார்கள். வேளை தவறாமல் எண்ணெய் விட்டார்கள். சூடேறினால் நிறுத்தினார்கள். தேய்ந்த பாகத்துக்கு மாற்றுப்பாகம் சீமையிலிருந்து வரவேண்டியிருந்தது. வரும்வரை ஸ்டோரில் வேலை நின்றுவிடும். அதனால் துரையும் அந்த எஞ்சினின் ஓசை மாறினால் உடனே கவனித்தார்.

மலைச்சரிவில் கொழுந்து பறித்த மனிதப் பிறவிக்கு அப்படி ஒரு தகடு இருந்ததா? விடியலில் பெரட்டுக்குப் போய், அட்டை கடிக்கும் காலோடு நாள்முழுதும் நின்று பறித்தவள், குறித்த நிறைக்குச் சற்றுக் குறைந்துவிட்டால் அவளுக்கு விழுவது அரைப்பேர். நாள் முழுதாகக் கழிந்தது. ஆனால் கணக்கப்பிள்ளையின் ஏட்டிலே பாதி நாள்தான். எஞ்சின் குறைவாக இழுத்தால் அதற்கு என்ன கோளாறு என்று பார்த்தார்கள். பெண் குறைவாகப் பறித்தால் அவளுடைய கூலியை வெட்டினார்கள். மாற்றுப்பாகம் பக்கத்து லயத்திலேயே இருக்கிறது என்ற எண்ணந்தான் இந்த வேற்றுமைக்குக் காரணம்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். பல ஆண்டுப் போராட்டத்தின் பின், 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன்பின் பல தோட்டங்களில் அன்றாடம் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையை உயர்த்திவிட்டார்கள் என்றும், வேலைநாட்களைக் குறைத்துவிட்டார்கள் என்றும் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. கம்பனிகளும் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்லின: உற்பத்திச் செலவு கூடிவிட்டது, உற்பத்தித்திறனை உயர்த்தாமல் தொழில் நிலைக்காது என்றன. உற்பத்தித்திறன்! கராஜ் இளைஞன் பேசுவதும் இதே சொல்தான். ஆனால் அவன் ஓரிடத்தில் திறனைக் கூட்டினால் எந்த இடத்தில் சூடேறும் என்று உடனே கேட்கிறான், பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறான், ஓசைக்குக் காதுகொடுக்கிறான். திறனை உயர்த்துவோம் என்று கூட்டங்களிலே பேசுவோர் இந்தச் சூடு யாருடைய முதுகெலும்பில் ஏறும் என்று கேட்கிறார்களா? அவர்கள் முடிவெடுக்கிறார்கள், விலையை வேறொருவர் கொடுக்கிறார். மன்றோவின் கொட்டகையில் இருந்த நேர்மை இங்கே இல்லாமற் போனதற்கு இதுவே காரணம்.

சுரண்டல் என்ற சொல்லுக்கு நாம் பல விளக்கங்கள் படித்திருக்கிறோம். பட்டறையின் மொழியிலே அதற்கு ஒரு விளக்கம் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்: எக்சிலேட்டர் ஒருவன் கையிலும், சூடு இன்னொருவன் உடம்பிலும் இருப்பதே சுரண்டல். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கொழும்பிலே இயற்றப்பட்டது. அதன் சூட்டை மலைகளின் லயங்களே தாங்கின. ஒரு மக்கள் கூட்டமே நாடற்றதாயிற்று. அவர்களுள் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலையின் காற்றை அறியாமல் சமவெளியிலே முடுக்கப்பட்ட திருகாணிகள் எஞ்சினுக்கு மட்டும் உரியவை அல்ல.

இனி, நாம் புகழ்ந்த அந்த இளைஞனை நோக்கியும் இதே கேள்வியைத் திருப்ப வேண்டும். இல்லையேல் நம் அறம் அடுத்தவருக்கு மட்டும் உரிய அறமாகிவிடும். ஊவாவின் தியத்தலாவையில் இராணுவக் கல்லூரியை ஒட்டிய ‘பொக்ஸ் ஹில்’ திடல் மோட்டார் பந்தயத்துக்குப் பெயர்பெற்றது. மோட்டார் சைக்கிள்களும் கார்களும் புழுதி கிளப்பிப் பாயும் அந்தக் காட்சியைக் காணச் சித்திரை விடுமுறையில் மக்கள் திரள்வார்கள். சில ஆண்டுகள் நடைபெறாதிருந்து, 2024 ஏப்ரல் 21ஆம் நாள் அது மறுபடியும் நடந்தது. அன்று பந்தயக் கார் ஒன்று பாதையைவிட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களுள் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள்.

யார் குற்றம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. நம்மை உறுத்துவது வேறொன்று. வேகத்தின் களிப்பு ஓட்டியவர்களுக்கு. வெற்றியின் புகழ் வென்றவர்களுக்கு. விலையோ அந்தச் சிறுமிக்கு. எஞ்சினை வலுப்படுத்திய அறிவிலே எத்தனை நுட்பம் இருந்தாலும், அந்த வலு எவர் மேல் பாயக்கூடும் என்ற கணக்கு அதிலே சேராவிட்டால், அது அரைகுறை அறிவுதான். வலுவைக் கூட்டியவன் தடையைக் கூட்டினானா? டயரைப் பார்த்தானா? பெருந்தெருவில் பள்ளிக்கூடம் விடும் வேளை எது என்று அறிவானா? புகைக்குழாயின் அடைப்பானைக் கழற்றி எறிந்து ஊரையே அதிரவைத்துப் பறக்கிறவன், நடு இரவில் லயத்திலே கண்ணயர்ந்த உழைப்பாளியின் உறக்கத்தைத் தன் வேகத்துக்கு எரிபொருளாக்குகிறான். அந்தக் கணத்திலே அவனும் ஒரு சின்னத் துரைதான்.

தான் செய்த எஞ்சினைத் தானே குற்றக்கூண்டில் ஏற்றிய மனிதர் ஒருவரும் நம் நாட்டிலே இருந்தார். ரே விஜேவர்தன, 1924இல் பிறந்து 2010இல் மறைந்த பொறியியலாளர். சிறு உழவர்களுக்கென ‘லேண்ட் மாஸ்டர்’ என்ற இருசக்கர உழவு இயந்திரம் உருவானதில் அவருக்கு முக்கிய பங்கு உண்டு. அது பல நாடுகளுக்குப் பரவியது. அத்தோடு மனநிறைவடைந்து அவர் ஓய்ந்திருக்கலாம். ஓயவில்லை. இயந்திரம் வேகமாக உழுகிறது, உண்மை. ஆனால் வெப்பமண்டலத்து மண்ணை இப்படிப் புரட்டிப்போட்டால் மழையும் வெயிலும் அந்த மண்ணை அழித்துவிடுமே, உழவு இத்தனை வேண்டியதுதானா என்று பின்னாளில் அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். மண்ணைப் புரட்டாமல் மூடிக் காக்கும் வேளாண்மைக்காக எஞ்சிய ஆயுள் முழுதும் வாதாடினார். சரிவான நிலமும் கொட்டும் மழையும் கொண்ட ஊவா மக்களுக்கு அந்தக் கேள்வியின் பொருளை விளக்கத் தேவையில்லை. எருமையைவிட விரைவாக உழும் எஞ்சினைச் செய்வது திறமை. அந்த விரைவின் விலையை மண் கொடுக்கிறது என்று கண்டதும், தன் திறமைக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வது அறம். முன்னது பலருக்கு வாய்க்கும். பின்னதற்கு மனத்துணிவு வேண்டும்.

ஆகவே, வேகம் நல்லதா தீயதா என்று பொதுவாக விவாதிப்பதிலே பயனில்லை என்று நாம் கருதுகிறோம். ஏழை இளைஞனுக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்பது, எழுத்து எதற்கு என்று ஒரு காலத்திலே கேட்டவர்களின் குரலை எதிரொலிப்பதாகும். இயந்திரம் கெட்டது, பழைய வாழ்வே நல்லது என்பாரோடும் நாம் உடன்பட முடியாது. கொழுந்துக் கூடையை நெற்றியிலே கட்டிச் சுமந்த பாட்டிக்கு அந்தப் பழைய வாழ்வின் இனிமை தெரியும். முடிவெடுப்பவரும் விலை கொடுப்பவரும் ஒருவரேயா என்பதுதான் கேள்வி. ஒருவரே என்றால் அங்கே துணிவு இருக்கிறது, அறிவு வளர்கிறது. வேறு வேறானவர் என்றால், விலை கொடுப்பவருக்கும் முடிவிலே குரல் இருக்க வேண்டும். பந்தயத் திடலில் வேலிக்கு அப்பால் நிற்பவருக்கும், தோட்டத்திலே நிறை குறிக்கும் மேசைக்கு முன்னால் நிற்பவளுக்கும் இந்த ஒரே நியாயந்தான். ஜனநாயகம் என்று நாம் விரும்பும் பெரிய சொல்லின் பட்டறை வடிவம் இது.

இதை வகுப்பறையிலே சொல்லிக்கொடுக்க முடியுமா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். முடியும் என்பதே நம் நம்பிக்கை. பதுளையிலே 2005ஆம் ஆண்டுமுதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஆனால் தோட்டப் பாடசாலையின் பிள்ளை அங்கே போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய எஞ்சின் ஒன்றைப் பள்ளிக்கூடத்து மேசையிலே வைத்து அந்தப் பிள்ளையிடம் ஒரு ஸ்பேனரைக் கொடுங்கள். அழுத்தமும் வெப்பமும் பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி அவள் உள்ளங்கைக்கு வரும். அவள் என்றுதான் சொல்கிறோம். கொழுந்து பறிக்கப் பெண்ணின் விரல் வேண்டும், ஸ்டோர் இயந்திரத்துக்கு ஆணின் கை வேண்டும் என்று வகுத்தவர்களுக்கு அதுவும் ஒரு பதிலாகட்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவளிடம் கேளுங்கள்: இதன் வலுவைக் கூட்டலாமா? கூட்டினால் எங்கே சூடேறும்? அந்தச் சூட்டைத் தாங்குவது யார்? அவரைக் கேட்டாயா?

கலவை சரியாக இருக்கும் எஞ்சினின் பிளக் முனை பால் தேநீரின் நிறத்திலே இருக்கும் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். கறுத்திருந்தால் வீண்விரயம், வெளுத்திருந்தால் அளவுமீறிய சூடு. தன் தாய் பறித்த கொழுந்தின் நிறத்தை அந்த முனையிலே கண்டு ஓர் எஞ்சினைச் சரிபார்க்கக் கற்ற பிள்ளை, நாளை தோட்டத்துக் கணக்கேட்டையும் அதே கண்ணோடு புரட்டிப் பார்ப்பாள். எங்கே கறுத்திருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது என்று அவள் கேட்கத் தொடங்கும்போது, அவளுக்கு விடைசொல்ல வேண்டிய கடமை நம் அனைவருக்கும் இருக்கிறது.